கவிழ்த்து வைத்த சிரட்டை

கல்முனைக்குடி
றமழான் பிறை 5

அன்புள்ள றிபாவின் வாப்பாவுக்கு, சுல்பிகா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். நோன்பு ஐந்தும் எங்கள் இருவருக்கும் தவறவில்லை. நீங்கள் கப்பல் குசினியில் பகல் முழுக்க அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டு நோன்பும் பிடிக்கிறீர்கள். அதற்கான பலத்தை அல்லாஹ் உங்களுக்குத் தர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடதாசி என்று நினைப்பீர்கள். போனில் நாம் முதல் இரண்டு நிமிடம் சுகம் விசாரிக்கிறோம். மூன்றாவது நிமிடம் சண்டை பிடிக்கிறோம். நான்காவது நிமிடம் லைன் அறுந்துவிடுகிறது. மிச்சச் சண்டையை நான் தனியே குசினிக்குள் நின்று பிடிக்க வேண்டியிருக்கிறது. கடதாசி என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது. எழுதி முடித்ததும் றிபா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். எந்தத் துறைமுகத்தில் லைன் கிடைக்கிறதோ அங்கே ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சந்தோசமான விசயம். பெரிய செஃப்பின் விருந்தில் உங்களுக்கும் ஒரு பங்கு என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. நீங்கள் சொன்னதை எதிர்வீட்டு பஹ்மிதாவுக்கு அப்படியே சொன்னேன். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை செஃப் தன் பெயரில் ஒரு விருந்து வைப்பாராம், பன்னிரண்டு பேருக்குத்தான் இடமாம், அவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக் குசினியைச் சுற்றிக்காட்டி, பிறகு கண்ணாடி அறைக்குள் இருத்தி ஏழு வகை பரிமாறுவாராம், அந்த ஏழில் முதலாவது என் மனிசனுடையதாம் என்றேன். மெனு அட்டையில் முர்ஷித் என்று பெயர் அச்சாகும் என்பதை மட்டும் மூன்று தடவை சொல்லியிருப்பேன். பஹ்மிதா, சாப்பிட வருகிறவர்களுக்கு எதற்குக் கோட்டு, கறி தெறிக்கும் என்றா என்று கேட்டாள். எனக்கும் அது விளங்கவில்லை, ஆனாலும் தெரிந்ததுபோல ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் செஃப்புக்கு ருசி காட்டுவதற்காகக் கஞ்சி ஆக்கிய கதையை றிபாவுக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு சின்னக் கோப்பைக்கு ஆக்கச் சொன்னால் கப்பலில் வேலை செய்கிற அரைவாசிப் பேர் குடிக்கிற அளவுக்கு ஆக்கி வைத்தீர்களாமே. அவள் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். முந்நூறு வீட்டுக்குக் கிடாரத்தில் ஆக்கிய கைக்குப் பன்னிரண்டு பேரின் அளவு பிடிபடாதுதான். நான் நேற்று நம்முடைய சின்னச் சட்டியில் வைத்துப் பார்த்தேன். பால் டின்னால் அரை டின் பச்சையரிசி, அதற்கு ஏழு டின் தண்ணீர், கடைசியில் ஒன்றரை டின் தேங்காய் முதல் பால். இறைச்சியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நறுக்குங்கள். வெந்தயத்தைக் குறையுங்கள், வெள்ளைக்காரருக்குக் கைக்கும். செஃப் மேலே பூவிதழ் போடச் சொன்னால் போட்டுக்கொடுங்கள். குடிக்கிறவர்கள் எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுக் குடிப்பார்கள்.

மெனுவுக்கு இரண்டு வரி கேட்டீர்கள். றிபா இங்கிலீசில் எழுதியதைத் தனியாக அனுப்புகிறாள். பகல் முழுக்கப் பசித்திருந்தவர்கள் சூரியன் மறைந்ததும் முதலில் குடிப்பது இது, எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே கிடாரத்திலிருந்து போகிறது என்று எழுதியிருக்கிறாள். பதினாலு வயதில் எனக்கு இப்படி எழுத வந்திருக்காது. உங்கள் விருந்தும் அஸ்தமனத்தோடு தொடங்குவதால் நீங்களும் அங்கேயே நோன்பு திறந்துகொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாம் சரி. ஆனால் உலகத்தில் வேறு சாப்பாடே இல்லையா? வட்டிலப்பம் இருக்கிறது. இறால் இருக்கிறது. நோன்புக் கஞ்சியைத்தானா எடுத்தீர்கள்? ஏன் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரவெல்லாம் யோசனையாக இருக்கிறது.

அந்தப் பத்தொன்பதாம் நோன்பை நாம் போனில் ஒரு தடவைகூடக் கதைத்ததில்லை. கடதாசியில் கதைக்கிறேன். நீங்களும் என் கூடப்பிறந்த காக்கா பக்கீர் முகைதீனும் பள்ளிக்குப் பின்னாலுள்ள கொட்டிலில் பத்து வருடம் ஒன்றாகக் கஞ்சி ஆக்கினீர்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியும் நீங்கள் இருவரும் கேட்கவில்லை. உப்பு மணத்திலேயே தெரியும் என்று உங்கள் இருவருக்கும் ஒரு பெருமை. அதற்குப் பதிலாக ஒரு அடையாளம் வைத்திருந்தீர்கள். உப்பு அள்ளுகிற தேங்காய்ச் சிரட்டை வாய் மேலே நிமிர்ந்திருந்தால் இன்னும் உப்புப் போடவில்லை. கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று. பத்து வருடம் ஒரு நாளும் பிழைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி அந்த ஒரு நாள் பிழைத்தது. முந்நூறு வீட்டுக்கும் இரண்டு பங்கு உப்போடு கஞ்சி போனது.

கஞ்சியைக்கூட மக்கள் மன்னித்தார்கள். நீங்கள் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுத்தான் பின்னேரம் அஸர் தொழப் போனேன் என்றீர்கள். காக்கா, நான் வந்து பார்க்கும்போது அது நிமிர்ந்துதான் இருந்தது என்றார். இருவரும் பள்ளி முற்றத்தில் அல்லாஹ்மீது ஆணையிட்டீர்கள். நோன்பு வைத்த வாயால் ஒருவர் பொய்ச்சத்தியம் செய்கிறார் என்று ஊரே நினைத்தது. அது யார் என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அன்றைக்குக் கதைப்பதை நிறுத்திய நீங்கள் இருவரும் இன்றுவரை கதைக்கவில்லை. நாலு மாதத்தில் நீங்கள் கப்பலுக்குப் போய்விட்டீர்கள். காக்காவும் கிடாரத்தைத் தொடுவதில்லை. சாகாமத்து வயலோடு கிடக்கிறார், இப்போது அறுவடை. காக்கா வீட்டுக்குப் பாஹிமா மச்சியிடம் உங்கள் விருந்தைப் பற்றிச் சொல்லப் போனபோது காக்கா உள்ளறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. ஆனால் நான் கதைக்கத் தொடங்கியதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

போன தடவை லீவில் வந்தபோது நீங்கள் நம்முடைய பள்ளியை விட்டுவிட்டு அடுத்த மஹல்லாப் பள்ளிக்குப் போய்த் தொழுதீர்கள். தெருவில் சின்னப்பிள்ளைகள் உப்புக்கஞ்சி என்று சொன்னது உங்கள் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும். இப்போது பெருநாளோடு இந்த ஒப்பந்தம் முடிகிறது. விருந்து நன்றாக நடந்தால் செஃப் ஒரு படி உயர்த்தி வைத்துக்கொள்வார், வீட்டுக்கு வராமல் அப்படியே மூன்றாவது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன் என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

விருந்து நன்றாக நடக்க வேண்டும் என்றும் துஆக் கேட்கிறேன், நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறேன். அல்லாஹ்வுக்கு விளங்கும், உங்களுக்குத்தான் விளங்காது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அஸருக்குப் பாங்கு சொல்கிறது, சமோசாவுக்கு மாவும் குழைக்கவில்லை. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
சுல்பிகா


கல்முனைக்குடி
றமழான் பிறை 11

அன்புள்ள றிபாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதம் படமாக வரவில்லை, கையால் வருகிறது. உங்கள் கப்பலில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிற நல்லரெத்தினம் அண்ணன் லீவு முடிந்து பிறை 14இல் சிங்கப்பூரில் கப்பலேறுகிறார். விருந்து பிறை 17இல் என்றபடியால் அதற்கு முன் உங்கள் கையில் இது கிடைத்துவிடும். றிபா இதைப் படம் பிடிக்க வேண்டாம் என்றுதான் இப்படி அனுப்புகிறேன். ஆனால் அவளுக்கும் இப்போது எல்லாம் தெரியும். ஏன் என்று வாசிக்க வாசிக்கத் தெரியும்.

உங்கள் பதில் போனில் படமாகக் கிடைத்தது. செஃப்புக்கு இரண்டாம் தடவை ஆக்கிக் காட்டியது பிடித்துவிட்டது என்றும், கோப்பையை வழித்துக் குடித்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது கண்ணால் தண்ணீர் வந்தது. சமைக்கிறவர் ருசி பார்க்காமல் ஒரு தட்டும் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய சட்டமாக இருந்தும், நீங்கள் நோன்பு என்றபடியால் உங்களோடு நிற்கிற பிலிப்பைன்ஸ்காரர் நெஸ்ட்டர் பார்த்தால் போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். நல்ல மனிசர். அவருக்கும் துஆச் செய்கிறேன்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னும் இரண்டு விசயம் எழுதியிருந்தீர்கள். ஒன்று, நீங்களும் நெஸ்ட்டரும் உப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அடையாளம் காட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மற்றது, இவ்வளவு தூரத்தில் இருந்து யோசித்துப் பார்க்கும்போது, அன்றைக்கு நான்தான் கவிழ்க்க மறந்துவிட்டு ஆணையிட்டேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அந்தப் பாவத்தோடு பள்ளி முற்றத்துக்கு எப்படி வருவது என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வரியை வாசித்த பிறகு என்னால் வாய் மூடி இருக்க ஏலவில்லை. நீங்கள் மறக்கவில்லை. நீங்கள் கவிழ்த்துத்தான் வைத்தீர்கள். அதை நிமிர்த்தியது நான்.

அன்றைக்கு நீங்கள் இருவரும் அஸர் தொழப் போன நேரம், தேங்காய்ப்பாலைக் கொண்டுவந்து வைப்பதற்காகப் பின்கதவால் கொட்டிலுக்கு வந்தேன். வீட்டில் உப்பு முடிந்திருந்தது, சமோசாவுக்குள் வைக்கும் இறைச்சி அடுப்பில் கிடந்தது. கொட்டிலில் உப்புப் பை வாய் திறந்திருந்தது, அதன் மேல் சிரட்டை கவிழ்ந்திருந்தது. அதை எடுத்து என் முந்தானையில் இரண்டு சிரட்டை உப்பு அள்ளிக்கொண்டு, வீட்டில் எப்படி வைப்பேனோ அப்படியே வாய் மேலே இருக்க வைத்துவிட்டுப் போனேன். பத்து வருடமாக அந்த அடையாளத்தை உங்கள் வாயால் கேட்டவள் நான். தலைவலியும் பசியும், ஞாபகம் வரவேயில்லை. நோன்பு திறக்கிற மஃரிப் நேரம் ஊரே கஞ்சியைத் துப்பும்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. முந்நூறு வீட்டு நோன்பு, பள்ளி முற்றம் நிறைய ஆம்பிளைகள். நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மறுநாள் நீங்கள் இருவரும் ஆணையிட்டுவிட்டீர்கள், பயம் இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு உங்களுக்காகக் காக்கா வீட்டு வாசலில் போய் நின்று, என் மனிசன் பொய் சொல்ல மாட்டார் என்று சண்டை பிடித்தேன். அப்படிச் சண்டை பிடித்தவள் எந்த முகத்தோடு திரும்பிப் போய்ச் சொல்வது? நாள் போகப் போக வாயே திறக்கவில்லை. நீங்கள் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிலையத்தில் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் றிபாவைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள், நானும் அழுதுகொண்டு வந்துவிட்டேன். அதை நீங்கள் பிரிவு என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் அது.

உங்களுக்கு எழுதுவதற்கு முன் காக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முந்தாநாள் சாய்ந்தமருதில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வயலில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். குழாயைக்கூட மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், நீ எடுக்கும்போது கவிழ்ந்துதான் இருந்ததா என்று. ஓம் என்றேன். பாஹிமா மச்சி வந்து குழாயை மூடினார்.

“அப்ப ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல புள்ள” என்றார் காக்கா.

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அவர் நம்முடைய பக்கமும் இல்லாமல் ஊர்ப் பக்கமும் இல்லாமல் இரண்டு வருடமாகத் தன் சத்தியத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். நீங்கள் அங்கே எழுதியதை அவர் இங்கே அதே மாதிரிச் சொன்னார். நீங்கள் பொய் சொல்கிற ஆளில்லை, அப்படியென்றால் நான்தான் சரியாகப் பார்க்காமல் ஆணையிட்டேனோ என்று அவருக்கு நித்திரையே இல்லையாம். வெளியில் முறைத்துக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் உள்ளே மற்றவரைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதைக் கேட்டதும் எனக்கு என்மேல் வந்த வெறுப்பை எழுத ஏலாது.

பிறகு திட்டினார். நன்றாகவே திட்டினார். திட்டி முடிந்ததும், இதை நம்முடைய பள்ளியில் சொல்ல வேண்டும், உன் பெயர் சொல்லவா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். பெயர் சொல்லாமல் விட்டால் பெண்களில் யாரோ என்று ஊர் இன்னும் பத்துப் பேரைச் சந்தேகப்படும், சொல்லுங்கள் என்றேன். நேற்று அஸர் முடிந்ததும் எழும்பி நின்று சொல்லியிருக்கிறார். பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரும் மௌலவியும் எல்லோரும் இருந்தார்களாம். முர்ஷித் மச்சானும் நானும் செய்த சத்தியம் இரண்டும் உண்மை, சிரட்டையை நிமிர்த்தியது என் தங்கச்சி, இரண்டு வருடமாக மச்சானைப் பற்றிக் கதைத்தவர்கள் நோன்போடு மன்னிப்புத் தேடிக்கொள்ளுங்கள் என்றாராம். கடைசி வசனம் அவராகவே சேர்த்தது.

ஆகவே உங்கள் பட்டப்பெயர் ஒழிந்தது. புதுப் பட்டப்பெயர் எனக்குத்தான். இன்று காலை மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, சிரட்டை ராத்தா இறால் வேணுமா என்று கேட்டார். றிபா வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள். நான் அரைக் கிலோ வாங்கினேன். பஹ்மிதா நேற்றிலிருந்து என் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை, இன்று மகனிடம் ஒரு கோப்பை உப்பு கொடுத்து அனுப்பியிருந்தாள். கேலிக்கா, சமாதானத்துக்கா என்று தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

காக்கா உங்களோடு நேரே கதைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார். நான் சொன்னால் அவர் போனை வைத்துவிடுவார், நீயே எழுது என்றார். ஆனால் அடுத்த றமழானுக்குக் கிடாரத்துக்கு ஆள் தேடுகிற மரைக்கார்மாரிடம், அடுத்த வருடம் நாங்கள் ஆக்குவோம் என்று சொல்லியிருக்கிறார். நான் என்று சொல்லவில்லை, நாங்கள் என்றுதான் சொன்னாராம். பாஹிமா மச்சி அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நல்லரெத்தினம் அண்ணனிடம் கொடுத்துவிட என்று சாகாமத்துப் புது அரிசியில் ஐந்து கிலோ கட்டிக்கொண்டு வந்தார் காக்கா. அண்ணன் சிரித்துவிட்டார். வெளி அரிசி ஒரு மணிகூடக் கப்பல் குசினிக்குள் போகாதாம், சட்டம் கடுமையாம். காக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அரிசியைத் திருப்பிக் கொண்டு போகவும் மாட்டேன் என்றார். நம்முடைய அலுமாரிக்குக் கீழே வாளிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பொதி வருகிறது, பிரித்துப் பாருங்கள். அது அந்தச் சிரட்டைதான். அன்றைக்குக் கோபத்தில் கொட்டிலில் இருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் அலுமாரிக்கு மேலே போட்டு வைத்திருந்தாராம். ஏன் வைத்திருந்தேன் என்று தெரியாது என்கிறார். குசினிக்குள் விட மாட்டார்கள் என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கட்டும் என்றார்.

இனி விருந்து விசயம். கிண்ணத்தை நம்ப வேண்டாம். கவிழ்த்து வைத்ததை யாரும் நிமிர்த்தலாம். நெஸ்ட்டர் கடைசியில் ருசி பார்ப்பார்தான், ஆனால் கூடின உப்பைப் பார்த்து என்ன பயன்? உப்புப் போட்டவர் வாயைத் திறந்து, போட்டாச்சு என்று மற்றவருக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். மற்றவர், கேட்டது என்று சொல்ல வேண்டும். இதை நெஸ்ட்டருக்கு நீங்கள் எந்தப் பாசையில் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது, ஆனால் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்து படித்த பாடம் இது ஒன்றுதான்.

பிறை 17இல் அஸ்தமன நேரம் நானும் மகளும் கையில் கஞ்சிக் கோப்பையோடு இருப்போம். அங்கே பன்னிரண்டு பேரும் குடித்து, செஃப் மனம் குளிர்ந்து, உங்கள் பெயர் போட்ட அட்டையை ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டு போகட்டும். றிபாவுக்கும் ஒன்று எடுத்து வாருங்கள். அனுப்ப வேண்டாம், எடுத்து வாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்களுக்கு என்மேல் கோபம் வரும், வர வேண்டும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். போனில் திட்ட வேண்டாம், நான்காவது நிமிடம் லைன் அறுந்துவிடும். பெருநாள் கழிந்ததும் வீட்டுக்கு வந்து, நம்முடைய குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, மனம் ஆறும்வரை திட்டுங்கள். நான் குறுக்கே கதைக்க மாட்டேன்.

அல்லாஹ் உங்கள் கைக்கு அளவையும் உங்கள் பயணத்துக்குக் கரையையும் தரட்டும்.

உங்களை எதிர்பார்க்கும்,
சுல்பிகா